திண்ணையில் நடந்த மாலை வகுப்பு: 'இல்லம் தேடிக் கல்வி' பற்றி ஒரு தாயின் மதிப்புரை

2021 நவம்பர் 1 அன்று என் மகன் முதல்முறையாகப் பள்ளிக்கூடம் போனான். அன்றைக்கு அவன் இரண்டாம் வகுப்பு.

ஒன்றாம் வகுப்பில் சேர்த்தது 2020-இல். கொரோனாவால் பள்ளி மூடியிருந்தது. புத்தகம் கொடுத்தார்கள், வீட்டில் வைத்திருந்தோம். வருடம் முடிந்ததும் எல்லோருக்கும் போலத் தேர்ச்சி போட்டு இரண்டாம் வகுப்புக்கு ஏற்றினார்கள். நடுவில் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வரும், உட்கார்ந்து பார்ப்பான். ஆனால் அவனுக்குப் புரியாத இடத்தில் டிவி நின்று திரும்பச் சொல்லாதே. டிவியில் காட்டும் கரும்பலகையில் இருப்பதை அச்சு அசலாக எழுதுவான். எழுதியதைப் படி என்றால் விழிப்பான். அவனுக்கு அது எழுத்து இல்லை, படம்.

எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டம், திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பக்கம். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டுக்காரர் செங்கல் லோடு ஏற்றுகிறார். டியூஷன் வைக்க வேண்டும் என்றால் பிள்ளையைப் பேருந்தில் அனுப்ப வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையை யார் அனுப்புவது?

அந்த நேரத்தில்தான் தமிழ்நாடு அரசின் இந்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் வந்தது. முதலமைச்சர் ஸ்டாலின் இதைத் தொடங்கி வைத்தது எங்கள் பக்கத்தில்தான், மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில், 2021 அக்டோபர் 27 அன்று. முதலில் எடுத்துக்கொண்ட 12 மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. ஊருக்குள் கலைக்குழு வந்து பறை அடித்து, பாட்டுப் பாடி, நாடகம் போட்டுச் சொல்லிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு மணிக்குள், ஒன்றரை மணி நேரம் வரைக்கும், பிள்ளைகள் இருக்கிற தெருவிலேயே வகுப்பு. ஒரு தன்னார்வலருக்கு 20 பிள்ளைகளுக்கு மேல் கிடையாது. ஒன்று முதல் ஐந்து வரை சொல்லிக்கொடுக்க பிளஸ் டூ முடித்திருந்தால் போதும், ஆறு முதல் எட்டுக்குப் பட்டப்படிப்பு. பிள்ளைகளுக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

எங்கள் தெருவுக்குக் கிடைத்த தன்னார்வலர் எதிர்வீட்டு மருமகள். பி.ஏ. படித்தவர், கல்யாணமாகி வந்தபின் வேலைக்குப் போகவில்லை. பிள்ளைகள் 'டீச்சரக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், இன்றைக்கும் அந்தப் பெயர்தான். அவர்கள் வீட்டுத் திண்ணையும் அதற்கு முன்னால் சாணி தெளித்த வாசலும்தான் வகுப்பறை. முதல் நாள் பதினோரு பேர், பத்து நாளில் பதினெட்டுப் பேர்.

என் தையல் மெஷின் ஜன்னல் ஓரம் இருப்பதால் தினமும் எல்லாம் காதில் விழும். அதனால் நான் பார்த்ததை, கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

முதல் வாரம் பாடமே நடக்கவில்லை. பாட்டு, கதை, விடுகதை, நொண்டி. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். சரி, படிக்க அனுப்பினால் விளையாட்டுக் காட்டுகிறார்களே என்று நேரிலேயே கேட்டேன். "அக்கா, ஒன்றரை வருஷமா வீட்டுக்குள்ளயே இருந்த பிள்ளைங்க. இதுங்க வாயத் திறந்து பேசுனாத்தான் யாருக்கு எது தெரியலன்னு எனக்குத் தெரியும்" என்றார். இரண்டாவது வாரம் அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேராக என்ன தெரியும், எங்கே நிற்கிறது என்று எழுதியிருந்தார். என் மகன் பெயருக்கு நேராக 'உயிரெழுத்து தெரியும், க-வரிசை தெரியாது, கொம்பு குழப்பம்' என்று இருந்தது. இரண்டாம் வகுப்புப் பாடத்தை யாரும் அவன் தலையில் ஏற்றவில்லை. அவன் நின்ற இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

கணக்குக்குப் புளியங்கொட்டையும் ஈர்க்குச்சியும். பத்துக் குச்சியை ஒரு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் ஒரு பத்து. 52-இல் 27 போனால் எவ்வளவு என்று கேட்டால், ஒரு கட்டை அவிழ்த்து உதிரியாக்கி அப்புறம் எடுக்க வேண்டும். கடன் வாங்கிக் கழிப்பது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, அது என்ன கடன், யார் தந்தார்கள் என்று எனக்குச் சின்ன வயதில் புரிந்ததே இல்லை. என் மகனுக்கு அந்தக் கட்டை அவிழ்த்த அன்றே புரிந்துவிட்டது.

ஒரு நாள் டீச்சரக்கா என்னிடம் பழைய இன்ச் டேப் ஒன்று கேட்டு வாங்கிப் போனார். பிள்ளைகள் ஒருவரையொருவர் அளந்தார்கள். கை நீளம், தலைச் சுற்று, திண்ணையின் அகலம். அரை, கால், முக்கால் எல்லாம் அந்த டேப்பில் கண்ணுக்குத் தெரிகிற கோடுகள். பெரிய பிள்ளைகளுக்கு அதுதான் பின்னக் கணக்கு.

2022 மார்ச் மாதம் என்று நினைவு. என் அளவு நோட்டு மெஷின் மேல் திறந்து கிடந்தது. பக்கத்தில் நின்ற மகன், "தோள்... பட்டை பதினாலு... கை நீளம் ஒன்பது... கழுத்து இறக்கம்..." என்று விரலை வைத்துப் படித்தான். யாரும் படிக்கச் சொல்லவில்லை. பாடப்புத்தகத்தில் மனப்பாடம் பண்ணியிருக்க வாய்ப்பில்லாத வார்த்தைகள் அவை. நான் மெஷினை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அழுதுவிட்டேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அந்த ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. 2022 ஜூன் 13 அன்று தொடங்கி, முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் முறை. என் மகன் மூன்றாம் வகுப்பு. மொட்டில் வைத்தார்கள். திண்ணை வகுப்பு மட்டும் இல்லாதிருந்தால் அவன் அரும்பில்தான் இருந்திருப்பான் என்று அவனுடைய பள்ளி ஆசிரியையே சொன்னார்.

இது என் ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் கொரோனாவுக்கு முன்னும் பின்னும் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்து கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், பிள்ளைகள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பக் கிடைத்துவிட்டதாம். அப்படிக் கிடைத்ததில் 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். முக்கியமாக, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள்தான் இதற்கு அதிகமாக வந்திருக்கிறார்கள். இதைப் பத்திரிகையில் படித்தபோது நான் டீச்சரக்கா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். மாநிலம் முழுக்கக் கிட்டத்தட்ட 2 லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்து செய்த காரியம் அது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

குறைகளும் சொல்ல வேண்டும்.

வெளிச்சம் பெரிய பிரச்சினை. மழைக்காலத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். திண்ணையில் ஒரே ஒரு பல்பு, அதுவும் டீச்சரக்கா வீட்டு மின்சாரம். கரண்ட் போனால் அன்றைய வகுப்பு அவ்வளவுதான். 2021 நவம்பரில் அடித்த மழையில் தொடங்கிய வேகத்திலேயே பல நாள் நின்றுபோனது. ஒரு சோலார் விளக்கும் ஒரு தார்ப்பாயும் கொடுத்திருந்தால் அத்தனை நாளும் நடந்திருக்கும்.

அடுத்தது, ஒன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே வாசலில். சின்னவர்களுக்கு நன்றாகப் போனது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாதி நேரம் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஒரு படிப்புதான், ஆனால் அவர்களுக்கு என்று ஒரு அரைமணி தனியாக ஒதுக்கியிருக்க வேண்டும். என் ஓரகத்தி மகள் அந்தக் காரணத்தாலேயே இரண்டு மாதத்தில் வருவதை நிறுத்திவிட்டாள்.

எனக்கு மிகவும் மனது கேட்காத விஷயம் ஊக்கத்தொகை. மாதம் 1,000 ரூபாய். மாதத்தில் இருபது நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் முப்பது மணி நேரம். மணிக்கு 33 ரூபாய். நான் ஒரு சாதா ஜாக்கெட் தைத்தால் அதைவிட மூன்று மடங்கு வரும். சாக்பீஸ், அட்டை, ஸ்கெட்ச் பேனா என்று அதிலும் அவர் தன் கைக்காசைப் போட்டார். தன்னார்வலர் என்ற பெயர் அழகான பெயர்தான். ஆனால் ஒரு பெண் தினமும் சாயங்காலம் அடுப்பு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, மாமியாரின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு, பதினெட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் அது வேலை. வேலைக்கு உரிய கூலி கொடுக்க வேண்டும்.

எங்கள் தெரு வகுப்பு அப்புறம் நின்றுவிட்டது. டீச்சரக்கா திண்டிவனத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலைக்குப் போகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. நின்ற முதல் வாரம் பிள்ளைகள் ஐந்து மணிக்குப் பையோடு வந்து அந்தத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

என் சின்னவள் 2023-இல் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள். அவளுக்குக் கிடைத்தது வேறு. அந்த ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்துவிட்டது. காலையில் தையலை முடித்துக் கொடுக்கும் அவசரத்தில் நான் பிள்ளைக்கு டீயும் பன்னும் கொடுத்து அனுப்பிய நாட்கள் உண்டு. இப்போது உப்புமா, கிச்சடி, பொங்கல். சமைக்கிறவர்கள் எங்கள் ஊர் மகளிர் குழுப் பெண்கள், அவர்கள் பிள்ளைகளும் அதே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், அதனால் ருசி பற்றி எனக்குக் கவலையில்லை. எட்டரை மணிக்குள் போய்விட வேண்டும் என்று அவளே என்னைக் கிளப்புகிறாள். நல்ல திட்டம், முழு மதிப்பெண்.

ஆனால் அவளுக்கு மாலை வகுப்பு இல்லை. பள்ளியில் எண்ணும் எழுத்தும் நடக்கிறது, பயிற்சிப் புத்தகம் நன்றாகவே இருக்கிறது. பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள், ஐந்து வகுப்பு. ஆசிரியை என்னதான் ஓடினாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை நிமிடம் கிடைக்கும்? இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள், கணக்கில் தடுமாறுகிறாள். அண்ணன்தான் ஈர்க்குச்சிக் கட்டை எடுத்துக்கொண்டு உட்காருகிறான். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு அண்ணன் இருக்க மாட்டான்.

2025 ஆகஸ்ட் 8 அன்று மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டார்கள். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு கிடையாது என்றதும் ஊரில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். நல்லதுதான், பெரிய பிள்ளைகளுக்குப் பாரம் குறையும். ஆனால் பதினொன்றில் தடுமாறுகிற பிள்ளை பெரும்பாலும் மூன்றாம் வகுப்பிலேயே விட்டுப்போன பிள்ளை. அதைப் பிடிக்கிற இடம் எங்கள் தெருவில் இருந்தது, வேலையும் செய்தது. கொரோனா முடிந்ததால் தேவை முடிந்துவிட்டது என்று நினைப்பது தவறு. எங்கள் தெருவில் கொரோனாவுக்கு முன்பும் படிக்கத் தெரியாமல் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் இருந்தார்கள். மூன்றாம் வகுப்பு வரைக்கும் மட்டுமாவது, ஆண்டு முழுக்க, கௌரவமான சம்பளத்தோடு, பள்ளி ஆசிரியையும் தெரு ஆசிரியையும் வாரம் ஒருமுறை உட்கார்ந்து ஒரே நோட்டைப் பார்க்கிற மாதிரி இது வேண்டும். முன்பு அந்தக் கடைசி விஷயம் ஆசிரியையின் நல்ல மனசால் மட்டும் நடந்தது, எங்கேயும் விதியாக எழுதியிருக்கவில்லை.

உங்கள் ஊரில் இந்த மாலை வகுப்பு இன்னும் நடக்கிறது என்றால் பிள்ளையை அனுப்புங்கள். முதல் வாரம் விளையாட்டாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் உங்கள் பிள்ளை பெயருக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். விளக்குக்கும் சாக்பீஸுக்கும் தெருவில் பத்து வீடு சேர்ந்து கொடுத்தால் ஒருவருக்கும் பாரமில்லை. நடக்கவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள். அதில் பெற்றோர்கள்தான் அதிகம், தலைவரும் ஒரு தாய்தான், காது கொடுத்துக் கேட்பார்கள்.

எங்கள் பள்ளிக் குழுவில் பேசிவிட்டோம். ஜனவரி 26 கிராம சபையில் கொடுக்க ஒரு மனுவும் தயார். நான் சொல்லச் சொல்ல என் மகன் எழுதினான், அவன் இப்போது ஆறாம் வகுப்பு. இரண்டு இடத்தில் நான் சொன்ன வாக்கியத்தை நிறுத்தி, "அம்மா, இப்படி எழுதினா இன்னும் தெளிவா இருக்கும்" என்று மாற்றினான். கீழே இருபத்தாறு தாய்மார்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். டீச்சரக்காவும் போட்டிருக்கிறார்.