பைடெஸ்டின் ‘காப்சிஸ்’: செய்நிரல் திருத்துகிறவர்களுக்கு

உயர்தர வகுப்பில் முப்பது பிள்ளைகளின் பைதன் செய்நிரல்களை ஒவ்வொன்றாக ஓட்டி, எண்ணைத் தட்டி, விடையைக் கண்ணால் பார்த்துத் திருத்துவது வீண்வேலை. செய்நிரல்களைத் தானாகச் சோதிக்கும் பைதன் கருவியான பைடெஸ்ட் இலவசம். அதிலுள்ள ‘மங்கிபாட்ச்’ உள்ளீட்டை ஊட்டும், ‘காப்சிஸ்’ வருவிளைவைப் பிடிக்கும்.

கிளிநொச்சியோ மல்லாவியோ, இணையம் இல்லாத கணினி அறையென்றால், வேறிடத்தில் ‘பிப் டவுன்லோட்’ கட்டளை கொடுத்துப் பைடெஸ்டை இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவரலாம். இரண்டு கணினியிலும் பைதன் பதிப்பும் பணிசெயல் முறைமையும் ஒன்றாக இருக்கட்டும். லினக்ஸில் இறக்கினால் விண்டோஸில் பைடெஸ்டுக்கு வேண்டிய ‘கலரமா’ என்ற துணைத் தொகுதி வராது, நிறுவல் அங்கேயே நின்றுவிடும்.

உள்ளீட்டுக்கு ‘இன்புட்’ சார்பையே மாற்றிவைக்கச் சொல்வார்கள். வேண்டாம், கேட்கும் கேள்வி வருவிளைவில் பதியாது. பைதன் உள்ளீட்டை வாசிக்கும் ‘சிஸ்.எஸ்டிடிஇன்’ இருக்குமிடத்தில், சரத்தைக் கோப்புப்போல வாசிக்கவிடும் ‘ஸ்ட்ரிங்ஐஓ’வை ‘மங்கிபாட்ச்’ கொண்டு வையுங்கள். 12, புதுவரி, 7500, புதுவரி என்று சரம் கொடுத்தால் போதும். பிள்ளைகள் ‘மெயின்’ சார்பு எழுதியிருக்கமாட்டார்கள். ஆகவே அவர்களின் கோப்பை ‘இம்போர்ட்’ செய்யாமல், சோதனைச் சார்புக்குள்ளே, கோப்பை அப்படியே ஓட்டும் ‘ரன்பை.ரன்_பாத்’ மூலம் ஓட்டுங்கள். சோதனைக் கோப்பின் தலையில் ‘இம்போர்ட்’ போட்டால் உள்ளீடு மாற்றுமுன்பே ‘இன்புட்’ ஓடி, ‘ஓஎஸ் எரர்’ வரும்.

நெல் மூடைக் கணக்கை எடுப்போம்: 12 மூடை, ஒரு மூடை 7500. திரையில் மூன்று வரியாகத் தெரிவது, பிடிபட்ட சரத்தில் இப்படி இருக்கும்:

மூடை எத்தனை? ஒரு மூடை விலை? மொத்தம்: 90000

என்டர் தட்ட ஆளில்லை, அதனால் கேள்விகளுக்குப் பின்னே வரி முறியாது. முழுச்சரத்தையும் ஒப்பிட்டால் எல்லாருக்கும் பூச்சியம்தான். ‘90000’ உள்ளே இருக்கிறதா என்று மட்டும் தேடினாலோ 190000 எழுதியவனும் தேறிவிடுவான். கடைசி வெற்றிடத்தை நீக்கி, ‘மொத்தம்: 90000’ என்று முடிகிறதா எனப் பாருங்கள்.

அதிலும் ஒரு கண்ணி. ‘மொ’ என்பதை ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாகத் தட்டியவரும் உண்டு, ஒரே குறியீடாகத் தட்டியவரும் உண்டு. கண்ணுக்கு ஒன்று, பைதனுக்கு இரண்டு. இரு பக்கத்தையும் ‘யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்’ கொண்டு, இவற்றை ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றியபின் ஒப்பிடுங்கள்.

‘காப்சிஸ்’ பிடித்ததை எடுத்துத் தருவது ‘ரீட்அவுட்எரர்’. அது ஒருமுறை வாசித்ததும் பிடித்துவைத்தது காலியாகும். இரண்டாம் முறை வெற்றுச்சரம்தான். விடையை உடனே ஒரு மாறியில் போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளீடு தீர்ந்தால் ‘ஈஓஎஃப் எரர்’ வரும், அது நல்லது. வெறும் ‘எக்செப்ட்’ போட்டு ‘வைல் ட்ரூ’வில் திரும்பக் கேட்கும் செய்நிரல் அதையும் விழுங்கிவிட்டு ஓய்வில்லாமல் சுற்றும். பைடெஸ்டுக்குத் தானாக நேரவரம்பு கிடையாது, இது பெரிய குறை. நேரவரம்பு வைக்கும் ‘பைடெஸ்ட்-டைம்அவுட்’ என்ற செருகியையும் அதே பென் டிரைவில் ஏற்றிவாருங்கள்.

‘சப்புரோசெஸ்’ வழியாக வேறு செய்நிரலை ஓட்டினால் அதன் வருவிளைவு ‘காப்சிஸ்’ கையில் அகப்படாது, அதைப் பிடிக்கப் பைடெஸ்டின் ‘காப்எஃப்டி’ வேண்டும். விண்டோஸில் தமிழ் அச்சிடும் பைதன் செய்நிரலை அப்படி ஓட்டும்போது ‘யூனிகோட் என்கோட் எரர்’ வந்தால், ‘பைதன்யுடிஎஃப்8’ என்ற சூழல் மாறிக்கு 1 கொடுங்கள்.