அரைநாள் வேலைக்கு ஈ.பி.எப்.பா, கையில் முழுச் சம்பளமா?

திருகோணமலையில் கடை, மருந்தகம், டியூட்டரி, நிலாவெளிப் பக்கத்து விடுதி என்று அரைநாள் வேலைக்குச் சேருகிறவர்களிடம் பல முதலாளிமார் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “ஈ.பி.எப். வெட்டட்டா, இல்லாட்டி முழுக்காசையும் கையில தரட்டா?” பலர் கையில் வாங்கிக்கொள்கிறார்கள். நான் ஈ.பி.எப்., அதாவது ஓய்வுகாலத்துக்கான ஊழியர் சேமலாப நிதி, கேட்டு வாங்கினேன். ஒரு கடையில் மத்தியானம் வரை கணக்கு எழுதுகிறேன், மாதம் 20,000 ரூபா.

சட்டப்படி இது கேட்கவே கூடாத கேள்வி. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அரைநாள் ஆளுக்கும் முதல் நாளிலிருந்தே பணம் கட்ட வேண்டும். ஆனால் நடைமுறையில் தெரிவு என்று ஒன்று நம் முன்னால் வைக்கப்படுகிறது, அதனால் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

20,000 ரூபாவில் என் பங்கு 8 வீதம், அதாவது 1,600. முதலாளி தன் பக்கத்திலிருந்து 12 வீதம், 2,400 போடுகிறார். ஈ.ரி.எப். என்கிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3 வீதம், 600. அதுவும் அவர் காசுதான். ஆக என் கையில் 1,600 குறைகிறது, என் பெயரில் 4,600 சேர்கிறது. அதே 1,600 ரூபாவை வருடத்துக்கு 8 வீத வட்டியில் வங்கியில் போட்டு, வட்டியையும் எடுக்காமல் விட்டால், 4,600 ஆக 13 வருடத்துக்கும் மேல் ஆகும். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாத நமக்கு வரிச்சலுகை என்று எதுவும் கிடைக்கப்போவதில்லை. வெளியிலிருந்து நம் சேமிப்புக்குள் வருகிற காசு இந்த முதலாளி பங்கு ஒன்றுதான். நான் முடிவெடுத்தது முழுக்க இதை வைத்துத்தான்.

ஆனால் இந்தக் கணக்கு ஓர் இடத்தில் உடையும். “சரி, ஈ.பி.எப். போடுறன், ஆனா சம்பளம் 17,500 தான்” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது 1,400 வெட்டு போகக் கைக்கு வருவது 16,100. முழுக்காசோடு ஒப்பிட்டால் 3,900 குறைவு. நிதிகளில் சேர்வது 2,100, 1,400, 525, மொத்தம் 4,025. வித்தியாசம் வெறும் 125 ரூபா! முதலாளி பங்கு என்று பெயர் இருந்தாலும் அதை உண்மையில் நாமே கட்டுகிறோம். சேர்ந்து வேலை செய்துகொண்டிருக்கிற ஒருவரின் சம்பளத்திலிருந்து அந்த 12 வீதத்தை வெட்டுவது சட்டவிரோதம். புதிதாகச் சேரும்போது குறைத்துப் பேசினால் அதைப் பிடிப்பது கஷ்டம். அதனால் சம்பளத்தைப் பேசி முடித்த பிறகு ஈ.பி.எப். பேச்சை எடுங்கள். இந்த வரிசை முக்கியம்.

மற்ற வழிகளையும் பார்த்தேன். சீட்டு அவசரத்துக்கு நல்லது, ஆனால் தலைமை பிடிக்கிற ஆளின் நாணயத்தில்தான் எல்லாம் நிற்கிறது. முப்பது வருடச் சேமிப்புக்கு அது ஆகாது. சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டங்களில் நான் சேரவில்லை, தெரிந்தவர்கள் சொன்னதை வைத்துத்தான் பேசுகிறேன். முதலாளியே இல்லாத தையல்காரர், மீன் வியாபாரி போன்றவர்களுக்கு அது உதவலாம். ஆனால் இன்றைக்குப் பெரிதாகத் தெரிகிற மாதத் தொகை இருபது வருடத்தில் எதை வாங்கும் என்று யோசித்துவிட்டுச் சேருங்கள்.

தங்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது ஈ.பி.எப். அந்த வருடத்துக்குக் கொடுத்தது 9 வீதம். பவுண் வாங்கி வைத்திருந்தவர்கள் அந்த வருடத்தில் தப்பினார்கள். அடுத்த வருடம் ஈ.பி.எப். 13 வீதமும் 2024 க்கு 11 வீதமும் கொடுத்தது. ஆனாலும் 2022 இல் விழுந்த குழி முழுதாக நிரம்பவில்லை என்பதுதான் உண்மை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2004 கடற்கோளில் கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கம் அலுமாரியோடு போன நகை எவ்வளவு! மாதம் 1,600 ரூபாவை மிச்சம் பிடித்துப் பவுண் வாங்குவதும் லேசில்லை, இடையில் ஒரு செலவு வந்தால் அடகுக்குப் போய்விடும்.

வங்கி நிலையான வைப்பை நான் விட்டுவிடவில்லை. ஈ.பி.எப். வெட்டுக்கு மேல் மிஞ்சுவதை அதில் போடுகிறேன். ஒரு விடயம்: 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரியாக வெட்டுகிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் வங்கியில் பிரகடனம் கொடுத்தால் அந்த வெட்டு இல்லை. நம் மாதிரிச் சம்பளக்காரர்கள் பலர் அந்தப் படிவத்தைக் கேட்பதே இல்லை.

ஈ.பி.எப்.பில் எனக்குப் பிடிக்காதது பூட்டு. பெண்கள் 50, ஆண்கள் 55 வயதில்தான் எடுக்கலாம். பத்து வருடம் கட்டி, கணக்கில் 3 இலட்சம் ரூபாவுக்கு மேல் இருந்தால் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் எடுக்க வழி உண்டு. ஈ.ரி.எப்.பை விட்டு ஈ.பி.எப்.புக்கு மட்டும் போகிற என் மாதம் 4,000 ரூபா கணக்கில், வட்டி சேர்க்காமலே பத்து வருடத்தில் 4,80,000 வரும். ஆக அந்தக் கதவு திறக்கும். திருமணத்துக்காக வேலையை விடுகிற பெண்களுக்கும் முழுப்பணத்தையும் எடுக்கும் உரிமை இருக்கிறது. தங்கச்சிமாருக்குச் சொல்கிறேன், முடிந்தால் அதைத் தொடாதீர்கள். கலியாணச் செலவில் கரைந்தால் முதலாளி போட்ட பங்கும் சேர்ந்துதான் போகும்.

ஈ.பி.எப். வெட்டுகிறார்கள் என்பதும் கட்டுகிறார்கள் என்பதும் ஒன்றல்ல. சம்பளச் சிட்டைகளைக் கட்டி வையுங்கள், நிலுவை அறிக்கை வந்ததும் மாதம் மாதமாக ஒப்பிடுங்கள். அடையாள அட்டை இலக்கமும் பெயரும் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். சீசனுக்குச் சீசன் விடுதி மாறுகிறவர்களுக்கு ஒவ்வோர் இடத்திலும் ஓர் உறுப்பினர் இலக்கம் விழும், அதையெல்லாம் குறித்து வைக்க வேண்டும். கட்டாமல் விட்டிருந்தால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். நிலுவையை மிகைக்கட்டணத்தோடு முதலாளியிடமிருந்தே அறவிடுவார்கள்.