கட்டை விரலைக் கேட்காத கட்டர் எது?

முப்பது வருடம் கரும்பலகையில் கணக்குப் போட்ட கை இது. ஓய்வுபெற்று, ஆசை ஆசையாகக் குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் மெத்தைப் போர்வை) தைக்க உட்கார்ந்தபோது கை என்னிடம் பழைய கணக்கைத் தீர்க்க ஆரம்பித்தது. வலது கட்டை விரலின் அடிமூட்டில் தேய்மானம். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனிக்கணுவில் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கின்றன. ஹெபர்டன் கணு என்று டாக்டர் பெயர் சொன்னார். பெயர் தெரிந்ததால் வலி ஒன்றும் குறையவில்லை.

தைப்பது பிரச்சினையே இல்லை. அதை மிஷினும் காலும் பார்த்துக்கொள்ளும். வெட்டுவதுதான் பெரும்பாடு. 42 அங்குல அகலத் துணியில் இரண்டரை அங்குல வார் (நீளப் பட்டை) 40 எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டரை அங்குலச் சதுரமாக நறுக்கினால் வாருக்கு 16 வீதம் மொத்தம் 640 சதுரம். இதைக் கத்தரிக்கோலால் செய்தால் கட்டை விரல் எத்தனை ஆயிரம் தடவை விரிந்து மூட வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நான் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கட்டர் தேடக் கிளம்பினேன். எட்டு மாதம் ஆயிற்று. சிலதை வாங்கினேன், சிலதைத் தோழிகளிடம் இரவல் கேட்டேன், ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன்.

முதலில் நான் செய்த முட்டாள்தனம்: 'மென்மையான பிடி' என்று அட்டையில் போட்டிருந்ததை எல்லாம் நம்பியது. பிடி மெத்தென்று இருந்தால் உள்ளங்கைக்கு சுகம். எனக்கு வலிப்பது உள்ளங்கை இல்லையே! கைக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் ஒரு விஷயம் சொன்னார். விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தம் கொடுத்துக் கிள்ளிப் பிடித்தால், கட்டை விரல் அடிமூட்டில் அது 12 கிலோ அளவுக்கு விழுகிறதாம். கூனி, சாவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1977-இல் கணக்கிட்டு வெளியிட்டது. அதைக் கேட்ட அன்றிலிருந்து எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: இது என் கட்டை விரலை என்ன வேலை வாங்கப் போகிறது?

அந்தக் கேள்வியை முதலில் என் பழைய கத்தரிக்கோலிடம் கேட்டேன். முழுக்க இரும்பு, கனம், ஆனால் வெண்ணெய் மாதிரி வெட்டும். வெட்டுவதை விட வலிப்பது திறப்பதுதான். ஒவ்வொரு வெட்டுக்கும் கட்டை விரல் வெளிப்பக்கம் தள்ள வேண்டும். அந்த வேலையைச் சுருள்வில் வைத்த கத்தரிக்கோல் எடுத்துக்கொள்கிறது. அமுக்கினால் மூடும், விட்டால் தானே திறக்கும். ஃபிஸ்கார்ஸ் கம்பெனியின் சாஃப்ட்டச் இந்த ரகம். விரல் நுழைக்கும் வளையமே கிடையாது. முழுக் கையால் பற்றி அமுக்கலாம், இடது கைக்கும் மாற்றிக்கொள்ளலாம். துண்டு ஓரங்களைச் சீராக்க, வளைவு வெட்ட, இன்றும் என் மேஜையில் இதுதான் இருக்கிறது.

வாங்கும்போது வில் எவ்வளவு விறைப்பு என்று பாருங்கள். விறைப்பான வில் திறக்கும்போது உதவி செய்துவிட்டு மூடும்போது வட்டியோடு வாங்கிக்கொள்ளும். வேறொரு கம்பெனிக் கத்தரிக்கோலைக் கடையில் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்து 'ஆஹா' என்று வாங்கி வந்தேன். முப்பதாவது வெட்டில் சுயரூபம் தெரிந்தது. கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, இருபது தடவையாவது அமுக்கிப் பாருங்கள். பூட்டு எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். நகத்தால் நெம்பித் தள்ளுகிற பூட்டு என்றால் அது நமக்கில்லை.

ஆனால் 640 சதுரத்துக்கு எந்தக் கத்தரிக்கோலும் பதில் இல்லை. அதற்கு ரோட்டரி கட்டர்தான். 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி கொண்டுவந்தது. ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கத்தி பிளேடைக் கண்டுபிடித்தவர்களும் அவர்களே. ஜப்பானிய மொழியில் 'ஒடிக்கிற பிளேடு' என்பதிலிருந்துதான் பெயரே வந்தது. வட்ட பிளேடு உருண்டுகொண்டே வெட்டுவதால் திறந்து மூடும் வேலை கிடையாது. தள்ளுவது மட்டும்தான். தள்ளுவதைத் தோள் பார்த்துக்கொள்ளும்.

ரோட்டரி கட்டரிலும் கட்டை விரலுக்கு வேலை ஒளிந்திருக்கிறது. நான் முதலில் வாங்கியது நேர்ப்பிடி ரகம். ஒவ்வொரு வார் முடிந்ததும் பிளேடு உறையைக் கட்டை விரலால் முன்னே தள்ள வேண்டும், அடுத்த வாருக்குப் பின்னே இழுக்க வேண்டும். 40 வாருக்கு 80 தடவை! நோகிறதே என்று உறையை மூடாமல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் இடது முழங்கையில் ஒரு சின்னத் தழும்பு சாட்சி. கட்டரைத் திறந்தபடி வைத்துவிட்டுத் துணியை எட்டி எடுத்தேன், அவ்வளவுதான். அன்றைக்கு வெட்டியது வெள்ளைத் துணி வேறு.

அதன் பிறகு வந்தது அமுக்குப்பிடி கட்டர். நான்கு விரலால் பிடியை அமுக்கினால் பிளேடு வெளியே வரும், விட்டால் உள்ளே போய்விடும். கட்டை விரலுக்கு ஓய்வு, பாதுகாப்புக்கும் குறைவில்லை. ஆனால் வெட்டுகிற நேரம் முழுக்க அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து வாருக்கு மேல் போனால் விரல்கள் பிடித்துக்கொள்கின்றன. கட்டை விரல் மட்டும் தேய்ந்தவர்களுக்கு நல்ல கருவி. என்னைப் போல முடிச்சு விழுந்த விரலும் உள்ளவர்கள், வெளியே வந்த பிளேடை அப்படியே நிறுத்தும் பூட்டு உள்ள மாடலாகப் பார்க்க வேண்டும்.

இப்போது நான் வைத்திருப்பது பிடி வளைந்து பிளேடுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ரகம். மார்டெல்லி கட்டர் இந்த வகை. வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்கிறார்கள், மாற்றி வாங்கிவிடாதீர்கள். நேர்ப்பிடியில் மணிக்கட்டு மடங்கி, ஆள்காட்டி விரல் முதுகில் நீண்டு அழுத்தும். இதில் மணிக்கட்டு நேராக இருக்கிறது, கையின் கனமே பிளேடு மேல் இறங்கிவிடுகிறது. இறுக்கிப் பிடிக்க வேண்டியதே இல்லை. முதல் நாள் என் வார்கள் எல்லாம் பாம்பு மாதிரி நெளிந்தன. பழைய பழக்கத்தில் பக்கவாட்டில் சாய்த்துவிட்டேன். ஒரு வாரம் பழைய துணியில் வெட்டிப் பழகிய பிறகு நேரானது. பழகுவதற்குள் பிடிக்கவில்லை என்று அலமாரியில் போட்டுவிடாதீர்கள்.

பிளேடு அளவு 18, 28, 45, 60 மில்லிமீட்டர் என்று வருகிறது. எல்லாரும் 45 வாங்கச் சொல்வார்கள். நான் நீள வெட்டுக்கு 60 என்பேன். பெரிய சக்கரம் மடிப்பின் மேல் சுலபமாக ஏறி உருளும், ஒரே தள்ளில் நான்கு மடிப்பு தாண்டும். கனம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் கட்டரைத் தூக்கிப் பிடிக்கப் போவதில்லையே, வெட்டுவதற்கென்று மேஜையில் விரிக்கிற மேட் மேல் உருட்டத்தானே போகிறோம். வளைவுக்கு மட்டும் 28. எட்டு மடிப்பு போட்டு ஒரேயடியாக வெட்டும் சாகசம் வேண்டாம். மிச்சமாகும் நேரத்தை மறுநாள் வலி வாங்கிக்கொள்ளும்.

மழுங்கிய பிளேடு இருந்தால் எந்தப் பிடியும் காப்பாற்றாது. பிளேடில் குண்டூசி பட்டு விளிம்பில் ஒரு பொக்கை விழுந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க வழி சொல்கிறேன். வெட்டிய வாரைப் பிரியுங்கள். அங்கங்கே ஒரு நூல் மட்டும் அறுபடாமல் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நூல்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். 45 மில்லிமீட்டர் பிளேடு என்றால் சுமார் 14 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும், 60 என்றால் 19-க்குக் கொஞ்சம் குறைவாக. விட்டத்தை 22/7 ஆல் பெருக்குங்கள், பிளேடின் சுற்றளவு அதுதான். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை அந்தப் பொக்கை வந்து நூலை விட்டுவிட்டுப் போகிறது. இதை முதன்முதலில் அளந்து சரியாக வந்தபோது வகுப்பறையில் இல்லையே என்று ஏங்கினேன். நூல் விடுபட்டால் எல்லாரும் இன்னும் அழுத்துவார்கள். அழுத்த வேண்டாம், பிளேடை மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் ஒரு தடவை கழற்றிப் பஞ்சைத் துடைத்து, ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டுப் பாருங்கள். சில சமயம் பிளேடு மழுங்கியிருக்காது, நட்டை இறுக்கியதில் உருளாமல் இழுத்துக்கொண்டிருக்கும்.

அந்த நட்டைக் கழற்றுவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. சின்னது, வழவழப்பு, இரண்டு விரலால் கிள்ளித் திருக வேண்டும். நான் ஒரு ரப்பர் துண்டைச் சுற்றித் திருகுகிறேன், முடியாத நாளில் மகள் வரும்வரை காத்திருக்கிறேன். தாழை இழுத்தால் பிளேடு கழன்றுவரும் மாடல்களும் இருக்கின்றன. அடுத்து வாங்கினால் அதுதான்.

பேட்டரியில் ஓடும் கத்தரிக்கோல் பற்றிக் கேட்பவர்களுக்கு: நான் முயன்றது ஒன்றே ஒன்று, அதைத்தான் திருப்பிக் கொடுத்தேன். வெட்டும் வரை ஸ்விட்சை அமுக்கியே வைத்திருக்க வேண்டும். ஸ்விட்ச் எங்கே? சரியாகக் கட்டை விரலுக்கு அடியில்! அதோடு அந்த அதிர்வு வேறு, வெட்டி முடித்த பிறகும் அரைமணி நேரம் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் வெட்டுகிற கையைப் பற்றி. கட்டர் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் என் மனக்குறை. வலது கை ஓடுகிறது, சரி. வார் நேராக வர கட்டர் ஒட்டி ஓடுகிற 24 அங்குல ஸ்கேலை நகராமல் அழுத்திப் பிடித்திருக்கிற இடது கை? வார் முடியும்வரை விரித்த விரலால் அழுத்திக்கொண்டே இருக்கிறது. நல்ல கட்டர் வாங்கிய பிறகும் மாலையில் எனக்கு வலித்தது இடது கைதான். ஏன் என்று புரியவே மூன்று மாதம் ஆயிற்று.

உறிஞ்சி ஒட்டும் கைப்பிடி ஒன்று ஸ்கேலுக்கென்றே விற்கிறார்கள், வாங்கினேன். விரித்த விரலுக்குப் பதில் முழுக் கையால் பற்றி மேலிருந்து அழுத்தலாம், நிஜமாகவே நல்ல யோசனை. என்னுடையது மட்டும் பாதி வெட்டில் 'டப்' என்று பிடுங்கிக்கொள்ளும். ஸ்கேலில் படிந்த நூல் தூசி காரணம் என்று பிறகு தெரிந்தது. ஈரத் துணியால் துடைத்து, காய்ந்ததும் ஒட்டினால் நிற்கிறது. ஸ்கேலின் அடியில் வழுக்காத சின்ன ஒட்டு வட்டங்களும் ஒட்டினேன். அதற்குப் பிறகு பாதி அழுத்தமே போதுமானதாக இருக்கிறது. ஆனால் இந்த இரண்டையும் விட உதவியது தோள் பயிற்சிக்காக வாங்கி, பயிற்சி செய்யாமல் கட்டிலுக்கடியில் கிடந்த இரண்டு கிலோ டம்பெல். அதை ஸ்கேலின் தூரத்து முனையில் வைத்துவிட்டுப் பக்கத்து முனையை மட்டும் பிடிக்கிறேன். ஓரத்துக்கு வெளியே, கட்டர் ஓடாத பக்கத்தில் சுண்டு விரலை மேட் மேல் ஊன்றிக்கொண்டால் ஸ்கேல் அந்தப் பக்கம் நழுவாது.

மேஜையும் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். என் மேஜை தாழ்வாக இருந்தது, கால்களுக்கடியில் கட்டைகள் வைத்து உயர்த்தினேன். இப்போது நின்றுகொண்டே வெட்டுகிறேன்.

தோழி ஒருத்தி வீட்டில் அக்யூக்வில்ட் கோ மெஷின் இருக்கிறது. பிளேடு பதித்த அச்சின் மேல் துணியை விரித்து, பக்கத்துக் கைப்பிடியைச் சுழற்றினால் உருளைகளுக்கு நடுவே போய் வெட்டுப்பட்டு வரும். பருத்தித் துணி ஆறு மடிப்பு வரை போடலாம். சுழற்றுவது தோளின் வேலை, விரலுக்கு அதில் வேலையே இல்லை. முடக்குவாதம் முற்றியவர்களுக்கு வேறு எதையும் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனி அச்சு வாங்க வேண்டும், அச்சுகளை எடுத்து வைக்கிற கனமும் இருக்கிறது. ஓரத்துத் துணியும் கொஞ்சம் வீணாகும். அவள் முக்கோணம் வெட்டுகிற நாளில் போய், என் துணியையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வருகிறேன்.

பழைய இரும்புக் கத்தரிக்கோலை யாருக்கும் கொடுக்கவில்லை. வளைந்த பிடி என்பதால் கீழ் அலகை மேஜை மேல் படுக்கவைத்து மெல்ல நகர்த்தினால் கனம் தெரிவதில்லை. கை நன்றாக இருக்கும் காலை நேரத்தில் எப்போதாவது ஒரு முழத் துணியை அதில் வெட்டுவேன். அந்தச் சத்தத்துக்காக.