ஸ்ட்ரோக் ஊசியோடு அல்ட்ராசவுண்டும் சேர்ந்தால் என்ன கிடைக்கும்?

ரத்தக்கட்டி மூளைக் குழாயை அடைத்து வரும் ஸ்ட்ரோக்குக்கு கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் ஊசி போடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், பத்தில் ஒரு பங்கை முதலில் ஒரேயடியாக ஏற்றிவிட்டு, மீதியை ஒரு மணி நேரத்தில் மெதுவாக. சிக்கல் என்னவென்றால், கட்டி பெரிதாக இருந்தால் ஊசி பல நேரம் தோற்றுப்போகும். அடைத்த குழாயில் ரத்தமே ஓடாதபோது மருந்து மட்டும் எப்படி உள்ளே போகும்? கட்டியின் வாசலிலேயே நின்றுவிடும்.

அல்ட்ராசவுண்ட் யோசனை இங்கேதான் வந்தது. அது கட்டியை உடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. கட்டியைச் சுற்றியுள்ள திரவத்தை லேசாகக் கலக்கிவிட்டு, கட்டியின் நார்களுக்கு இடையே மருந்து நுழைய வழி செய்கிறது, அவ்வளவுதான். காபியில் சர்க்கரை போட்டுவிட்டு ஸ்பூனைச் சுழற்றுவது மாதிரி.

2004-ல் வெளிவந்த கிளாட்பஸ்ட் ஆய்வு ஆசையைக் கிளப்பியது. மொத்தம் 126 பேர். எல்லோருக்கும் ஊசி உண்டு, பாதிப்பேருக்கு மட்டும் கூடவே 2 மெகாஹெர்ட்ஸ் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்) இரண்டு மணி நேரம். குழாய் முழுதாகத் திறந்தவர்கள் அல்லது சட்டென்று தேறியவர்கள் அந்தப் பக்கம் 49 சதவீதம், ஊசி மட்டும் போட்டவர்களில் 30. ஆபத்தான மூளை ரத்தக்கசிவு இரண்டு பக்கமும் மூன்று மூன்று பேருக்கு, கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஆனால் மூன்று மாதம் கழித்து யார் நன்றாக நடமாடினார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் உறுதியாக நிற்கவில்லை, எனக்கு அப்போதே இடித்த இடம் அது.

அப்புறம் 300 கிலோஹெர்ட்ஸ். அதிர்வெண் குறைந்தால் எலும்பைத் தாண்டுவது சுலபம், கணக்குப்படி இதுதான் ஜெயிக்க வேண்டும். ஜெர்மனியின் டிரம்பி ஆய்வில் 26 பேரோடு நிறுத்தினார்கள். அல்ட்ராசவுண்ட் வாங்கிய 14 பேரில் 13 பேருக்கு ஸ்கேனில் ரத்தக்கசிவு! நீண்ட அலைகள் மண்டைக்குள் மோதித் திரும்பி ஒன்றோடொன்று சேர்ந்து வலுத்திருக்கலாம் என்று பிறகு விளக்கினார்கள். இந்த வழியை நான் சந்தேகமே இல்லாமல் ஒதுக்கிவிடுவேன்.

மறுபடி 2 மெகாஹெர்ட்ஸுக்கே வந்தார்கள். டாப்ளரைக் குறிபார்த்துப் பிடிக்கத் தேர்ந்த கை வேண்டும், நடு ராத்திரியில் எல்லா ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒருவர் இருப்பாரா? அதனால் யார் வேண்டுமானாலும் தலையில் மாட்டிவிடக்கூடிய ஒரு கருவி. கிளாட்பஸ்ட்-ஈஆர் ஆய்வில் 676 பேருக்குப் பார்த்தார்கள், 2019-ல் முடிவு வந்தது: பாதுகாப்பானது, பலன் இல்லை. குறிபார்க்கும் கை போனதும் அலை சரியான இடத்தில் விழவில்லையோ, இல்லை முதல் ஆய்வே சின்னதாக இருந்ததால் ஏமாற்றியதோ. என் பந்தயம் இரண்டாவதன் மேல்.

இதற்கிடையே 2015-ல் அடுத்தடுத்து வந்த ஐந்து ஆய்வுகள், தொடை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழலை விட்டுக் கட்டியைப் பிடித்து இழுப்பது பெரிய அடைப்புகளுக்கு நன்றாக வேலை செய்கிறது என்று காட்டிவிட்டன. பிறகு சிலருக்கு ஸ்ட்ரோக் வந்து 24 மணி நேரம் வரைகூட நீட்டினார்கள். மருந்தை உள்ளே தள்ள வழி தேடுவதைவிடக் கட்டியையே வெளியே எடுப்பது நேர்வழி. ஊசியிலும் இப்போது டெனெக்டிப்ளேஸ் என்ற கட்டி கரைக்கும் மருந்து இருக்கிறது, ஒரே தடவையில் ஏற்றி முடித்துவிடலாம்.

ஆகவே என் வரிசை: ஸ்ட்ரோக் வந்து நாலரை மணி நேரத்துக்குள் ஊசி, பெரிய குழாய் என்றால் கையோடு கதீட்டர். அல்ட்ராசவுண்டை மருந்துக்குத் துணையாக நான் கேட்கமாட்டேன். குழாய் திறந்ததா, மறுபடி அடைத்ததா என்று படுக்கையருகிலேயே பார்க்க டாப்ளர் இன்னும் உதவும், நெற்றிப்பொட்டு எலும்பு அலையை உள்ளே விடுகிற தலையாக இருந்தால்.