கடல்நீரின் உப்பை அளக்க எது: ரிஃப்ராக்டோமீட்டரா, கண்டக்டிவிட்டி மீட்டரா?

கடல் மீன் தொட்டிக்கு நான்கு வருடம் ரிஃப்ராக்டோமீட்டரைத்தான் நம்பியிருந்தேன். கண்டக்டிவிட்டி மீட்டருக்கு மாறி ஒரு வருடம் ஆகிறது. இனி பழையதற்குத் திரும்ப மாட்டேன்.

மிதக்கவிட்டுப் பார்க்கும் ஹைட்ரோமீட்டர் மலிவு, பேட்டரியும் வேண்டாம். ஆனால் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே மேலே தூக்கி, உப்பைக் கூட்டிக் காட்டிவிடும்.

ரிஃப்ராக்டோமீட்டரில் கண்ணாடி மேல் இரண்டு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு தெரியும். அரை நிமிட வேலைதான். சிக்கல் என்னவென்றால், பல கருவிகளின் அளவுகோல் வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்கானது. கடலில் கரைந்திருப்பதோ, எடையில் சுமார் 55% குளோரைடு, 31% சோடியம், 8% சல்பேட், 4% மக்னீசியம், அப்புறம் கொஞ்சம் கால்சியமும் பொட்டாசியமும். இந்தக் கலவை ஒளியைச் சற்று வேறு மாதிரி வளைக்கிறது. அதனால் உப்பு 35 (கிலோவுக்கு 35 கிராம்) உள்ள கடல்நீரை அது ஏறக்குறைய 36.5 என்று காட்டும். நான் காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யம் வைத்து, 35 கோட்டில் தொட்டியை நிறுத்தியிருந்தேன். உண்மையில் இருந்தது 33.5 பக்கம். பவளங்கள் ஏன் முழுதாக விரியவில்லை என்று மாதக்கணக்கில் விளக்கையும் நீரோட்டத்தையும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

கண்டக்டிவிட்டி மீட்டர் அளப்பது, அயனிகள் (நீரில் கரைந்து மின்னூட்டத்தோடு இருக்கும் துகள்கள்) எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகின்றன என்பதை. அதிலிருந்து உப்பைச் சொல்ல முடிவதற்குக் காரணம், திறந்த கடலில் அயனிகளின் விகிதம் எங்கும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதுதான். சாலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த 77 கடல்நீர் மாதிரிகளை வைத்து வேதியியலாளர் டிட்மார் 1884-ல் இதை உறுதிப்படுத்தினார். 1978-ல் வந்த நடைமுறை உப்புத்தன்மை அளவுகோலே மின்கடத்துத்திறன் விகிதத்தின் மேல்தான் நிற்கிறது.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது வெப்பநிலைதான். கடத்துத்திறன் ஒரு டிகிரிக்குச் சுமார் 2% ஏறும். 35 உள்ள நீர் 24 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 52 மில்லிசீமன்ஸ் (கடத்துத்திறனின் அலகு), 27-ல் 55. திருத்தம் இல்லாத மீட்டரில் இந்த மூன்று டிகிரியே 35-ஐ 37-க்கு மேல் காட்டிவிடும். அதனால் வெப்ப உணரி புரோபிலேயே (தண்ணீரில் இறக்கும் முனையிலேயே) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். புரோபைத் தண்ணீரில் விட்டதும் எண்ணைப் படிக்கக் கூடாது. வெப்பம் சமமாகி எண் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். காலிபரேஷனுக்கு 25 டிகிரியில் 53 மில்லிசீமன்ஸ் தரும் திரவம் போதும். அளக்கப்போகும் எண்ணுக்குப் பக்கத்திலேயே சரிபார்ப்பதால் நடுவில் பிழை ஒளிய இடமில்லை. மாதம் ஒருமுறை செய்கிறேன்.

மீட்டருக்குத் தெரியாததும் உண்டு. மின்னூட்டம் இல்லாமல் கரைந்திருப்பதை அது பார்க்காது. மக்னீசியமும் சல்பேட்டும் ஜோடி சேர்ந்தால் கடத்துவதில்லை. தொட்டியில் கால்சியம் குறைந்து சோடியம் குளோரைடு சேர்ந்திருந்தாலும் 35 என்றே காட்டக்கூடும். எனவே கால்சியம், மக்னீசியம் சோதனைகளை விட்டுவிட முடியாது.

குளோரைடை அளக்கும் வெள்ளி நைட்ரேட் சொட்டுச் சோதனையை இரண்டு முறைதான் செய்திருக்கிறேன், அதனால் அதை இவற்றோடு நிறுத்தித் தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறேன். நிறம் மாறும் நொடியைப் பிடிக்கப் பழக்கம் வேண்டும்.

மீட்டர் வாங்கினால் ஒன்று: புரோபை இறக்கியதும் இரண்டு முறை லேசாக ஆட்டுங்கள். உள்ளே குமிழி நின்றால் எண் கீழே போய்விடும்.