ஸ்ப்ரே பசை வாங்கும்போது விலை ஸ்டிக்கருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

குன்னூர், ஊட்டிப் பக்கம் ஃபோமில் மாடல் விமானம் செய்பவர்கள் கவனத்துக்கு. டெம்ப்ளேட் (பாகங்களின் வடிவம் அச்சிட்ட தாள்) ஒட்ட ஸ்ப்ரே பசை வாங்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

குன்னூரில் ஒரு ஸ்டேஷனரிக் கடை. 5 மி.மீ. டெப்ரான் என்ற ஃபோம் ஷீட்டில் பேப்பரை ஒட்டி வெட்ட வேண்டும், ஃபோமை அரிக்காத பசை கொடுங்கள் என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். "தாராளமா அடிங்கண்ணா, தெர்மாகோலுக்கே இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார் கடைக்காரர்.

வீட்டில் இறக்கை டெம்ப்ளேட்டின் பின்பக்கம் அடித்து ஒட்டினேன். கொஞ்ச நேரத்தில் பேப்பர் அங்கங்கே உள்வாங்கியது. உரித்துப் பார்த்தால் ஷீட் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம். ஸ்பார் (இறக்கையை நீளவாக்கில் தாங்கும் குச்சி) வர வேண்டிய இடத்தில் அடிவரை ஓட்டை. கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வரவழைத்த ஷீட் அது, வயிறு எரிந்தது.

டின்னின் பின்பக்கம் கடையின் விலை ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினேன். பாலிஸ்டைரீன் ஃபோமில் பயன்படுத்தக் கூடாது என்ற வரி அதற்கு அடியில்தான் இருந்தது.

எடுத்துப்போய்க் காட்டினால், "திறந்த டின்னைத் திரும்ப எடுக்க மாட்டோம், ஸ்டிக்கர் எல்லாத்துலயும் அங்கதான் ஒட்டுவோம்" என்கிறார். ஷெல்ஃபில் பார்த்தேன். ஒவ்வொரு டின்னிலும் சரியாக அதே வரிதான் மறைந்திருக்கிறது. தற்செயல் என்று நான் நம்பவில்லை.

டெப்ரான், தெர்மாகோல் இரண்டுமே பாலிஸ்டைரீன்தான். அசிட்டோன், டொலுயீன் கலந்த பசை பட்டால் கரைந்துவிடும். யார் என்ன சொன்னாலும் முதலில் ஒரு துண்டு ஃபோமில் அடித்து, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். சாதாரண குளூ ஸ்டிக்கை ஓரங்களில் லேசாகத் தடவினாலே பேப்பர் நிற்கும், வெட்டியபின் உரிக்கவும் வரும். பசையே வேண்டாம் என்றால் குண்டூசியால் கோட்டின் மேல் குத்திக்கொண்டே போய், புள்ளிகளைப் பேனாவால் இணைத்துவிடலாம். இங்கத்துப் பனிமூட்டத்தில் பேப்பர் ஈரம் இழுத்து நீளும் என்பதால் ஒட்டிய அன்றே வெட்டிவிடுவது நல்லது. அப்புறம், பிரிண்ட் 100 சதவீத அளவில்தான் வந்திருக்கிறதா என்று தாளில் உள்ள அளவுக்கோட்டை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். கொஞ்சம் சுருங்கினாலும் 5 மி.மீ. ஸ்லாட்டில் ஃபோம் நுழையாது.

பில்லும் ஸ்டிக்கர் போட்டோவும் என்னிடம் இருக்கின்றன. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தாயிற்று. இதே மாதிரி டின் வாங்கியவர்கள் பில்லைத் தொலைக்காமல் நீங்களும் புகார் கொடுங்கள்.