பேனலில் ‘டெலிவர்ட்’ என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள்

தீபாவளி நெருங்கிவிட்டது. கடை வைத்திருப்பவர்களுக்கெல்லாம் இனி பல்க் எஸ்.எம்.எஸ். (ஒரே செய்தியை மொத்தமாகப் பல நம்பர்களுக்கு அனுப்பும் சேவை) விற்கிறவர்களின் போன் ஓயாது. பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன வருடம் எங்கள் ஜவுளிக் கடையின் தள்ளுபடிச் செய்தியை உள்ளூர் ரீசெல்லர் ஒருவர் மூலம், அதாவது இந்தச் சேவையை வாங்கி விற்கும் இடைத்தரகர் மூலம் அனுப்பினோம். சில நிமிடங்களில் பேனலில், அதாவது செய்தி அனுப்ப அவர் தந்த வெப்சைட் பக்கத்தில், அத்தனை நம்பருக்கும் பச்சையில் ‘டெலிவர்ட்’. ஒன்றுகூடத் தவறவில்லை! அதுதான் உறுத்தியது. பட்டியலில் அப்பாவின் பழைய நம்பரும் இருந்தது. அந்த சிம்மைக் கழற்றி டிராயரில் போட்டு மாதக்கணக்காகிறது. அதற்கும் ‘டெலிவர்ட்’. கடைக்கு வந்தவர்களைக் கேட்டால், “மெசேஜா? எதுவும் வரலையே” என்றவர்கள்தான் அதிகம்.

நாம் பேனலில் போடும் செய்தி ரீசெல்லரின் கேட்வே (செய்திகளைக் கடத்தும் சர்வர்) வழியாக ஆபரேட்டரின், அதாவது மொபைல் கம்பெனியின் எஸ்.எம்.எஸ். சென்டருக்குப் போகிறது. அங்கிருந்து முதலில் வருவது ஒரு மெசேஜ் ஐ.டி. ‘வாங்கிக்கொண்டேன்’ என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. போன் அணைந்திருந்தால் சென்டர் செய்தியை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். கெடு முடிந்தால் ‘எக்ஸ்பயர்ட்’ என்று எழுதிவிடும். போனில் போய்ச் சேர்ந்தால்தான் ‘டெலிவர்ட்’ ரிப்போர்ட் திரும்பி வரும். ஆனால் அந்த ரிப்போர்ட் நம் கண்ணில் படுவது ரீசெல்லரின் பேனலில். ஒரு பகுதியை அனுப்பாமலே விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் ‘டெலிவர்ட்’ என்று அவர் சாஃப்ட்வேரே எழுதிக்கொள்ளலாம். டிராயரில் கிடக்கும் சிம்முக்கு வேறு எப்படி ‘டெலிவர்ட்’ வரும்?

அப்புறம் பில். “ஒரு எஸ்.எம்.எஸ். 160 எழுத்து” என்றுதான் விலை பேசினார். அது ஆங்கிலத்துக்கு. தமிழில் எழுதினால் 70தான். அதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரியும், துண்டுக்கு 67. கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். ‘தீபாவளி’ நமக்கு நாலு எழுத்து, கணக்கில் ஏழு. எங்கள் செய்தி மூன்று துண்டாகி, ஆளுக்கு மூன்று கிரெடிட் (முன்பணம் கட்டி வாங்கிய எஸ்.எம்.எஸ். கணக்கு) போய்விட்டது. இது மோசடி இல்லை, விதி அப்படி. ஆனால் விற்கும்போது வாயைத் திறக்கவில்லையே!

ஆபரேட்டர் தந்த மெசேஜ் ஐ.டி.யோடு ரிப்போர்ட் கேட்டேன். “சர்வர் மாத்திட்டோம் சார், பழைய டேட்டா இல்லை” என்றார். மிச்சமிருந்த கிரெடிட்டும் வேலிடிட்டி முடிந்தது என்று போயே போச்சு.

சரி, அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், அனுப்பியதற்குக் காசா, போய்ச் சேர்ந்ததற்குக் காசா என்று எழுதி வாங்குங்கள். பட்டியலில் வெவ்வேறு நெட்வொர்க்கில் உங்கள் வீட்டு நம்பர்களையும், அணைத்து வைத்த ஒரு போனின் நம்பரையும் சொல்லாமல் சேர்த்துவிடுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் 2018 விதிப்படி செய்ய வேண்டிய டி.எல்.டி. பதிவை (வணிகச் செய்தி அனுப்புகிறவர்கள் செய்யும் ஆன்லைன் பதிவு), “நாங்களே போட்டுத் தருகிறோம்” என்று அவர்களுடைய மெயில் ஐ.டி.யில் போட விடாதீர்கள். லாகின் அவர்கள் கையில் இருந்தால், வேறு ஆளிடம் மாறும்போது உங்கள் கடையின் ஹெடருக்காக (செய்தியில் அனுப்புநராகத் தெரியும் பெயர்) அவர்களிடமே கெஞ்ச வேண்டிவரும்.